புள்ளி வட்டங்களுக்குள் நெடுந்தீவு

இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஓர் அட்டைப் பெட்டிக்குள் கிடந்த இறுவட்டு ஒன்றை அண்மையில் தேடி எடுத்தேன். அதில் இருந்தவை பதினாறு கோப்புகள். 2003ஆம் ஆண்டில், போர்நிறுத்தம் நடைமுறையில் இருந்த காலத்தில், குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் சென்று, அங்கிருந்த முதியவர்களிடம் ஒலிநாடாவில் பதிவுசெய்து, பின்னர் கொழும்பில் இரவிரவாக இருந்து தட்டச்சுச் செய்த உரையாடல்கள் அவை. பவளக்கல் வேலிகளைப் பற்றியும், காட்டுக் குதிரைகளைப் பற்றியும், நன்னீர்க் கிணறுகளைப் பற்றியும் அவர்கள் பேசினார்கள். 1985ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் நிகழ்ந்த படுகொலையைப் பற்றியும் பேசினார்கள். பேசியவர்களில் அநேகர் இன்று இல்லை. ஒலிநாடாக்களும் இல்லை, ஈரத்தில் பூஞ்சணம் பிடித்துப் போய்விட்டன. எஞ்சியிருந்தது இந்த இறுவட்டு மாத்திரமே.

எனது பழைய மடிக்கணினியில் விண்டோஸ் இயங்க மறுத்ததால், கணினி படிக்கும் மருமகன் அதில் லினக்ஸ் நிறுவித் தந்திருந்தான். கோப்புகளைப் படியெடுப்பதற்காக அவன் திறந்தது, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் ஓடும் முனையச் சாளரம். ‘டெர்மினல்’ என்று அவர்கள் சொல்வது அதனைத்தான். கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும் கட்டளையைத் தட்டினான். திரையில் வந்ததைப் பார்த்து எனக்கு நெஞ்சு திக்கென்றது.

நெடுந்தீவு என்ற பெயர் உடைந்து கிடந்தது. எழுத்துகளுக்கு இடையே சின்னஞ்சிறு புள்ளிகளால் ஆன வட்டங்கள். வேறு சில இடங்களில் சதுரப் பெட்டிகள். சில பெயர்களின் இருபுறமும் நான் இடாத ஒற்றை மேற்கோள் குறிகள். ஒரு கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள்; இன்னொன்றைத் திறந்தால் வரிவரியாக வினாக்குறிகள்.

“எல்லாம் போச்சுது போல” என்றேன்.

“அவசரப்படாதேங்கோ மாமா. ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு கதை சொல்லுது. கோப்புப் பழுதோ, இந்தச் சாளரம் பிழையாக் காட்டுதோ எண்டு முதலில பாப்பம்” என்றான் அவன்.

அன்று மாலை அவன் சொல்லித் தந்தவற்றையும், அதன்பின் நானாகத் தேடி வாசித்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். உலகெங்கும் சிதறிக் கிடக்கும் நம்மவர் பலரிடம் இவ்வாறான பழைய இறுவட்டுகளும் நெகிழ்தட்டுகளும் இருக்கும். திரையில் குழப்பத்தைக் கண்டதும் அவற்றை வீசிவிடாதிருக்க இது உதவினால் மகிழ்ச்சி.

தட்டச்சுப்பொறியின் பேரப்பிள்ளை

முனையச் சாளரம் ஏன் தமிழை உடைக்கிறது என்பதை அறிய, அதன் பூர்வீகத்தை அறிய வேண்டும். லினக்ஸில் முனையத்தைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘டிடிவை’ என்ற சுருக்கம் டெலிடைப் என்பதிலிருந்து வந்தது. அது தொலைவிலிருந்து இயக்கப்படும் தட்டச்சுப்பொறி. பின்னர் அந்தப் பொறியின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது. 1978இல் அமெரிக்காவின் டிஇசி நிறுவனம் வெளியிட்ட விடி-100 என்ற முனையத்தில் ஒரு வரிக்கு 80 எழுத்துகள், ஒரு திரைக்கு 24 வரிகள். அந்த 80 என்ற எண்ணுங்கூட அதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. 1928இல் ஐபிஎம் அறிமுகப்படுத்திய துளை அட்டையின் நிரல்களின் எண்ணிக்கை அது.

1991இல் ஹெல்சிங்கி நகர மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் பல்கலைக்கழகக் கணினியுடன் வீட்டிலிருந்து தொடர்புகொள்ளத் தானே எழுதிக்கொண்ட முனைய நிரலிலிருந்துதான் லினக்ஸே வளர்ந்தது. ஆகவே அந்தக் கறுப்புச் சாளரம் லினக்ஸுக்குப் பின்னர் ஒட்டவைக்கப்பட்ட ஒன்றன்று. அதன் மூத்த பிள்ளை.

இதன் அடிப்படை விதி மிக எளியது. திரை முழுவதும் சம அளவான கட்டங்கள். ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம். ஆங்கிலத்துக்கு இது பொருந்தும். சீனத்துக்கும் யப்பானியத்துக்கும் ஓர் எழுத்துக்கு இரு கட்டங்கள் என்று விதியை நீட்டிக்கொண்டார்கள். தமிழுக்கோ அந்தக் கணக்கு இலகுவில் பொருந்துவதில்லை. புள்ளி மெய்யின் தலைக்கு மேலே ஏறுகிறது. கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. ‘கொ’ என்று எழுதினால் ஒரே உயிர்க்குறி எழுத்தின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது.

இந்தச் சிக்கலை முதலில் எதிர்கொண்டவர்கள் கணினிக்காரர்கள் அல்லர். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற ஆர். முத்தையா, தமிழ்த் தட்டச்சுப்பொறியை வடிவமைத்தபோது எதிர்கொண்டதும் இதே சிக்கல்தான். ஒரு விசையைத் தட்டினால் தாள் சுற்றிய வண்டி ஓர் இடம் நகரும். அது பொறியின் இயல்பு. புள்ளிக்கு வண்டி நகரக்கூடாது. நகர்ந்தால் புள்ளி வெறும் தாளில் விழும். எனவே சில விசைகளை நகரா விசைகளாக அமைத்தார்கள். அவற்றைத் தட்டினால் குறி மட்டும் பதியும், வண்டி அசையாது. கணினி உலகம் இன்று ‘அகலம் பூச்சியம்’ என்று குறிப்பிடுவது இந்த நகரா விசையைத்தான்.

புள்ளி வட்டம் சொல்வது

இப்போது என் திரையில் தோன்றிய முதலாவது குறிக்கு வருகிறேன்.

ஒருங்குறி என்று நாம் தமிழாக்கிய யூனிகோடின் முதற் பதிப்பு, லினக்ஸ் பிறந்த அதே 1991இல் வெளியாயிற்று. அதில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. இந்திய அரசின் ‘இஸ்கி’ என்ற தரத்தை அடியொற்றி அது அமைந்தது. அதன் விதிப்படி அகர உயிர்மெய் முதலில் வரும். உயிர்க்குறி அதன் பின்னே வரும். ‘நெ’ என்பதில் கொம்பு கண்ணுக்கு முன்னே தெரிந்தாலும், கோப்புக்குள் ‘ந’ முதலும் கொம்பு அடுத்ததுமாகவே சேமிக்கப்படும். அதனை இடம்மாற்றி முன்னே நிறுத்துவது காட்டும் மென்பொருளின் வேலை. தன்னந்தனியே ஓர் உயிர்க்குறியைப் பெற்றால், “இதற்குரிய எழுத்து எங்கே?” என்று கேட்பதைப் போல, எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் புள்ளிகளால் ஆன வட்டமொன்றை அந்த மென்பொருள் இடும். அதுதான் புள்ளி வட்டம்.

கட்டத்துக்கு ஒரு குறியென எண்ணும் முனையம், ‘ந’வை ஒரு கட்டத்திலும் கொம்பை அடுத்த கட்டத்திலும் பிரித்துப் போடுகிறது. பிரிந்த கொம்பு அநாதையாக நிற்கிறது. உடனே வட்டம் தோன்றிவிடுகிறது.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனித்தேன். நெடுந்தீவு என்ற பெயரில் ‘நெ’ உடைந்திருந்தது, ‘டு’ உடைந்திருந்தது, கடைசி ‘வு’வும் உடைந்திருந்தது. ஆனால் நடுவில் ‘ந்தீ’ மட்டும் பழுதின்றி நின்றது. நயினாதீவிலும் அவ்வாறே: ‘யி’, ‘னா’, ‘வு’ மூன்றும் சிதற, ‘தீ’ மட்டும் தப்பியிருந்தது. ஊர்காவற்துறையில் ‘ர்’, ‘ற்’ ஆகிய இரண்டும் தப்பியிருந்தன.

காரணம் யூனிகோடின் அட்டவணையில் இருக்கிறது. தமிழ்த் துணைக்குறிகளை அது இரண்டு சாதிகளாகப் பிரிக்கிறது. தனக்கென இடம் எடுத்துக்கொள்பவை ஒரு சாதி. இடம் எடுக்காமல் எழுத்தோடு ஒட்டி நிற்பவை மற்றச் சாதி. புள்ளியும் ஈகாரக் குறியும் இரண்டாவது சாதியில் வைக்கப்பட்டிருக்கின்றன. இகரக் குறி, உகரக் குறி, கால், கொம்பு ஆகியவை முதலாவது சாதி. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க்கஸ் கூன் எழுதிப் பல முனையங்கள் பின்பற்றிய அகலக் கணக்கு, இரண்டாவது சாதிக்கு மட்டுமே பூச்சியம் என்ற சலுகையை அளித்தது. ஆகவே ‘தீ’ பிழைத்தது, ‘தி’ பிழைக்கவில்லை. தமிழ் அறிந்த எவரும் இகரத்தையும் ஈகாரத்தையும் இவ்வாறு பிரிக்கமாட்டார். ஆனாலும் அந்தப் பிரிவின் விளைவு என் திரையில் கிடந்தது.

இதிலிருந்து விளங்கிக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். புள்ளி வட்டம் தெரிகிறதென்றால் கோப்புப் பழுதாகவில்லை. எழுத்துகள் சரியான வரிசையில் உள்ளே இருக்கின்றன. காட்டும் சாளரம்தான் தடுமாறுகிறது. அதே கோப்பைச் சாதாரண உரைத் தொகுப்பியில் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். மருமகன் அவ்வாறு திறந்தான். நெடுந்தீவு முழுமையாக வந்து நின்றது. முனையத்திலேயே சரியாகப் பார்க்க விரும்புவோர் வேறு முனைய நிரல்களை முயன்று பார்க்கலாம். யப்பானியர் உருவாக்கிய எம்எல்டெர்ம், கேடிஈ குழுவினரின் கொன்சோல் ஆகியவை இந்திய எழுத்துகளை எண்ணத்தில் வைத்தவை. சாளரமே இல்லாத லினக்ஸின் ஆதித் திரையில் மட்டும் தமிழை எதிர்பார்க்க வேண்டாம். அங்கே ஒரே நேரத்தில் 512 வடிவங்களுக்கு மேல் ஏற்ற இயலாது.

ஒற்றை மேற்கோள் குறிகளின் கதையும் தீங்கற்றது. பெயரில் இடைவெளி இருந்தால் அதனை மேற்கோளுக்குள் காட்டுவதைக் குனூ கருவித் தொகுதியின் 8.25ஆம் பதிப்பு, 2016இல் வழக்கமாக்கியது. ‘நெடுந்தீவு’ என்பதற்கும் ‘1’ என்பதற்கும் இடையில் நான் விட்ட வெற்றிடத்தை அது சுட்டிக்காட்டியது. கோப்பின் பெயரில் மேற்கோள் எதுவும் சேர்க்கப்படவில்லை.

பெட்டிகளும் கல்வெட்டும்

சதுரப் பெட்டிகள் தோன்றியது வேறொரு கோப்பில். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோவிலில் உள்ள கல்வெட்டின் வாசகத்தைப் பின்னொரு காலத்தில் ஒருங்குறியில் தட்டச்சுச் செய்து இந்தக் கோப்புகளுடன் சேர்த்து வைத்திருந்தேன்.

இந்தக் கல்வெட்டைப் பற்றிச் சில வார்த்தைகள். 1153 முதல் 1186 வரை பொலநறுவையில் இருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. சிங்கள மன்னரின் ஆணை, தமிழ் மொழியில். பேராசிரியர் கா. இந்திரபாலா 1963இல் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்பது அதன் செய்தி. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்துறை. யானையும் குதிரையும் ஏற்றிவரும் மரக்கலம் உடைந்தால், காற்பங்கு அரச பண்டாரத்துக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. கல்லிலும் செம்பிலும் இதனை எழுதுவித்ததாகவும் அது கூறுகிறது.

அதன் இறுதியில் வடமொழிப் பகுதி ஒன்று உண்டு. அது கிரந்த எழுத்தில் அமைந்தது. கிரந்தத்துக்கு யூனிகோடில் தனிப் பகுதி கிடைத்தது 2014ஆம் ஆண்டு ஜூனில் வெளியான 7.0 பதிப்பில்தான். அதற்கு முன்னர், 2010இல், கிரந்தப் பகுதிக்குள் தமிழ் எழுத்துகள் சிலவற்றைச் சேர்க்கும் முன்மொழிவுக்கு எதிராகத் தமிழகத்தில் எழுந்த எதிர்ப்பை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதேபோல் நம் பழைய உறுதிகளிலும் கணக்கேடுகளிலும் வரும் நாள், மாதம், வரவு, பற்று, மேற்படி முதலிய குறிகள் 2003இல் 4.0 பதிப்பில் இடம்பெற்றன. முந்திரி, மா, காணி போன்ற பின்னக் குறிகளோ 2019 வரை காத்திருந்தன.

யூனிகோடில் இடம் கிடைப்பது ஒன்று. அந்த இடத்துக்குரிய வடிவம் உங்கள் கணினியில் உள்ள எழுத்துருவில் இருப்பது வேறொன்று. வடிவம் இல்லாதபோது வெற்றுப் பெட்டி தோன்றுகிறது. லினக்ஸில் பல நிரல்கள் வெற்றுப் பெட்டியோடு நிற்பதில்லை. பெட்டிக்குள் அந்த எழுத்தின் எண்ணையும் எழுதிக் காட்டும். தமிழ் எழுத்துரு அறவே இல்லாத கணினியில் ‘க’வைத் திறந்தால், பெட்டியின் மேல்வரியில் பூச்சியமும் ‘பி’யும், கீழ்வரியில் 9உம் 5உம் தெரியும். அதுவே ‘க’வின் முகவரி. எழுத்தின் முகம் தெரியாவிட்டாலும் பெயர்ச்சீட்டு இருக்கிறது. பொருத்தமான எழுத்துருவை நிறுவினால் முகமும் வந்துவிடும். லோகித் தமிழ், நோட்டோ போன்ற எழுத்துருக்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

கல்வெட்டாய்வாளரும் இதனைத்தான் செய்கிறார்கள். நயினாதீவுக் கல்லின் தொடக்கம் சிதைந்துவிட்டது. சிதைந்த இடத்தைப் பதிப்பாசிரியர்கள் தம் விருப்பப்படி நிரப்புவதில்லை. புள்ளிகளாலும் பகர அடைப்புகளாலும் “இங்கே எழுத்து இருந்தது, இப்போது தெரியவில்லை” என்று அடையாளமிடுகிறார்கள். பெட்டியும் புள்ளி வட்டமும் அந்த நேர்மையின் கணினி வடிவங்கள். எழுத்தை மௌனமாக விழுங்கிவிடும் மென்பொருளைவிட, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் மென்பொருள் மேல்.

உரோமன் உடுப்பு

மூன்றாவது வகை, திறந்ததும் ஆங்கில எழுத்துகளாகத் தெரிந்த கோப்புகள். பன்னிரண்டு கோப்புகளில் பதினொன்று இந்த வகை. அவைதான் என்னை அதிகம் பயமுறுத்தியவையும்.

அவை ‘பாமினி’ எழுத்துருவில் தட்டச்சுச் செய்யப்பட்டவை. ஈழத்துப் பத்திரிகை அலுவலகங்களிலும் புலம்பெயர் வெளியீடுகளிலும் பாமினியை அறியாதார் இல்லை. பழைய தமிழ்த் தட்டச்சுப் பலகையை ஒட்டி அமைந்ததால், தட்டச்சுக் கற்றவர்களுக்கு அது கைவந்த கலையாயிற்று. ஆனால் அதன் உள்ளே நிகழ்வது ஓர் ஆள்மாறாட்டம். ‘தமிழ்’ என்று தட்டினால் கோப்பில் பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். அவற்றுக்குத் தமிழ் முகமூடி அணிவிப்பது எழுத்துரு. முகமூடி இல்லாத கணினியில் உள்ளிருப்பது வெளித்தெரிகிறது.

அந்நாளில் இவ்வாறான முகமூடிகள் எத்தனையோ. 1997இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்திய மாநாடும், 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெற் 99 மாநாடும், அதன் பயனாக வந்த டாம், டாப் தரங்களும், இணையவழித் தன்னார்வலர்கள் கூடி வகுத்த தகுதரமும், 2000ஆம் ஆண்டில் அமைந்த உத்தமமும் இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே பாடுபட்டன. தகுதரத்தை லினக்ஸ் உலகம் முறைப்படி ஏற்றுக்கொண்டது. லினக்ஸின் ‘ஐகான்வ்’ என்ற கட்டளைக்கு ‘டிஸ்கி’ என்ற பெயரைக் கொடுத்தால், அந்தக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றித் தந்துவிடும். பாமினிக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. சுரதா யாழ்வாணன் ஜேர்மனியில் இருந்து இணையத்தில் வழங்கிய பொங்குதமிழ் போன்ற மாற்றிகள்தான் நம்மவர்களின் எத்தனையோ பக்கங்களைக் கரைசேர்த்தன.

தமிழ் உரோமன் உடுப்பு உடுத்தியது இது முதன்முறையன்று. தமிழில் அச்சேறிய முதல் நூலாகக் கருதப்படும் ‘கார்த்தில்யா’, 1554இல் லிஸ்பனில் உரோமன் எழுத்துகளிலேயே அச்சிடப்பட்டது. அதனைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த தனிநாயகம் அடிகள், ஊர்காவற்துறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்தவர். 1679இல் அச்சான அந்தாம் த ப்ரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் அவர் 1966இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டார். தமிழ் வேற்று உடையில் நின்றாலும் அதனை அடையாளங்காணத் தீவகத்துப் பிள்ளை ஒருவரால் முடிந்தது. அவருடைய மண்ணைச் சேர்ந்த நான், நானே தட்டச்சுச் செய்த பாமினியைக் கண்டு கலங்கியது வெட்கமே.

நம் தீவுகளின் பெயர்களும் இவ்வாறு உடுப்பு மாறியவைதாம். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் என்றும், வேலணைக்கு லெய்டன் என்றும், நயினாதீவுக்கு ஹார்லெம் என்றும் தம் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். லெய்டனும் ஹார்லெமும் உதிர்ந்தன. டெல்வ்ற் ஆங்கிலப் படங்களில் ஒட்டிக்கொண்டது. ஊர்காவற்துறையின் ஆங்கிலப் பெயரான ‘கைற்ஸ்’, துறையைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்ததென்பர். பெயர் எதுவாயினும் ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது.

வினாக்குறிகள் இருவகை

இனி, எல்லாவற்றிலும் கொடிய குறி. வினாக்குறி.

இங்கே மிகுந்த கவனம் தேவை. பெயர்ப் பட்டியலில் வினாக்குறிகள் வந்தால் அது பெரும்பாலும் மொழியமைப்பின் குறை. ‘லோகேல்’ என்று தட்டினால் கணினியின் மொழியமைப்புத் தெரியும். அங்கே ‘யூடிஎப்-8’ என்ற சொல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால், தமிழ் தனக்குத் தெரியாது என்று கணினி சொல்கிறது. அமைப்பை மாற்றினால் தீர்ந்தது. யூடிஎப்-8 என்பது 1992 செப்டெம்பரில் நியூ ஜேர்சி உணவகமொன்றில், கென் தொம்சனும் ரொப் பைக்கும் உணவு மேசைத் தாளில் வரைந்த முறை. அதன்படி ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொள்ளும். அதனைப் பழைய ஐரோப்பிய முறையில் தவறாக வாசித்தால், தலையில் சாய்கோடிட்ட சிறிய ‘ஏ’ எழுத்து மூன்றுக்கொரு முறை திரும்பத் திரும்ப வரும். அதன் அருகே வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் அடிக்கடி தோன்றும். அதனைக் கண்டாலும் பயப்படவேண்டாம். அது பிழையாக வாசிக்கப்பட்ட நல்ல தமிழ். கறுப்புச் சாய்சதுரத்துக்குள் வெள்ளை வினாக்குறி தெரிந்தாலும் அவ்வாறே. ஆனால் அந்த நிலையில் கோப்பைச் சேமித்துவிடக்கூடாது. சேமித்தால் சாய்சதுரமே நிலைத்துவிடலாம்.

ஆனால் கோப்பின் உள்ளேயே வினாக்குறி எழுதப்பட்டிருந்தால் கதை முடிந்தது. தமிழ் அறியாத ஒரு முறைக்குள் ஒருங்குறித் தமிழைத் திணித்துச் சேமிக்கும்போது, ஒவ்வோர் எழுத்தையும் அழித்துவிட்டு அதனிடத்தில் ஒரு வினாக்குறியை எழுதிவைக்கும் மென்பொருள்கள் இருந்தன. ‘அ’வும் வினாக்குறி, ‘ஆ’வும் வினாக்குறி. எது எதுவாக இருந்தது என்று இனி எவராலும் சொல்ல இயலாது.

என் பதினாறு கோப்புகளில் நான்கு அப்படிப்பட்டவை. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, நான் வேலைசெய்த ஓர் அலுவலகத்தின் தரவுத்தளத்தில் ஏற்றி, பின்னர் அங்கிருந்து திரும்ப எடுத்து, இடம் மிச்சம்பிடிக்க மூலத்தை அழித்தவன் நானே. பைட்டுகளை எண்ணாகக் காட்டும் கட்டளை ஒன்றால் மருமகன் சோதித்தான். எல்லா இடத்திலும் ஒரே எண். அவன் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த நான்கில் ஒன்று, குமுதினியைப் பற்றி ஒரு தாய் சொன்னது. இடைவெளிகளும் காற்புள்ளிகளும் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவர் எங்கெங்கே மூச்சு வாங்கினார் என்று தெரிகிறது. என்ன சொன்னார் என்று தெரியவில்லை.

கல்லிலும் செம்பிலும்

1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன என்று நாம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். அதை எரித்தவர்களைப் பற்றி எழுதுவது சரியே. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது வீடுகளில் விட்டுவந்த ஏடுகளைப் பற்றி எழுதுவதும் சரியே. ஆனால் எவரும் தீ வைக்காமலே, நம் கவனக்குறைவினால் வினாக்குறிகளாகிப் போகும் பக்கங்களுக்கு யார்மீது பழிபோடுவது? 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் எண்ணிமத் திட்டம் போன்ற முயற்சிகள் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் பேணிவருகின்றன. அவர்களிடம் சேர்ப்பதற்கு முன்பே நம் வீட்டு அலுமாரிகளில் அழிபவற்றுக்கு நாமே பொறுப்பு.

நண்பர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்வது இவ்வளவே. பழைய கோப்பைத் திறந்ததும் திரையில் என்ன தெரிகிறதென்று முதலில் நிதானமாகப் பாருங்கள். புள்ளி வட்டமா, பெட்டியா, ஆங்கில எழுத்தா, சாய்கோடிட்ட எழுத்தா? இவை அனைத்தும் உயிரோடிருப்பதன் அறிகுறிகள். எதையும் சேமிக்காமல், மூலத்தைத் தொடாமல், ஒரு படி எடுத்துவைத்துக்கொண்டு அதில் வேலைசெய்யுங்கள். மாற்றியபின்பும் மூலத்தை அழிக்காதீர்கள். பராக்கிரமபாகு கல்லிலும் எழுதுவித்தான், செம்பிலும் எழுதுவித்தான். செப்பேடு நமக்குக் கிடைக்கவில்லை, கல் நிற்கிறது. ஒன்றில் மட்டும் எழுதியிருந்தால், அதுவும் செம்பாக மட்டும் இருந்திருந்தால், ஊராத்துறைக்கு வந்த யானைக் கப்பல்களைப் பற்றி அந்த மன்னன் விதித்த முறையை இன்று நாம் அறிந்திருக்கமாட்டோம்.

பதினாறில் பன்னிரண்டு கோப்புகள் இப்போது முழுமையாக இருக்கின்றன. மூன்று இடங்களில் படி வைத்திருக்கிறேன். நயினாதீவுக் கல்வெட்டு யானைக் கலத்துக்கு விதித்த கணக்கின்படி, முக்காற்பங்கு உடையவனுக்குக் கிடைத்துவிட்டது. போன காற்பங்கை எந்தப் பண்டாரத்தில் போய்க் கேட்பதென்று தெரியவில்லை. அந்தத் தாயின் மக்கள் புலம்பெயர்ந்து எங்கோ இருப்பதாக அறிந்தேன். தேடிக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்னதில் அவர்களுக்கு நினைவில் நிற்பதையாவது கேட்டு, இம்முறை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.